தலையில் வெண்ணெய் வைத்த விளக்கு

“வியாழக்கிழமை என் விளக்கு முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டு இருக்கும். அதோட தலையில ஒரு துண்டு வெண்ணெய் வைப்பேன். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுட்டு, அதே வெண்ணெயை எடுத்து ரொட்டியில தடவிச் சாப்பிடுவேன். உருகாது! ஒரு சொட்டு வேர்வைகூட வராது!”

திங்கட்கிழமை மதியம், பல்புத் தொழிற்சாலையின் கேண்டீனில், நாற்காலிமேல் ஏறி நிற்காத குறையாக இதைச் சொன்னவர் கலவைக்காரர். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகடுகள் இரண்டு கழன்று பக்கத்துத் தெருவில் போய் விழுந்தன. சரி, கழலவில்லை, ஆனால் ஆடின.

“மூணால வகுங்கப்பா!” என்றார் மூலை மேசையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்.

“இருபது நிமிஷம்!” என்று மொத்தக் கேண்டீனும் ஒரே குரலில் பதில் சொன்னது.

அந்தத் தொழிற்சாலையில் அது ஓர் எழுதாத சட்டம். கலவைக்காரர் என்ன சொன்னாலும் மூன்றால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வார்கள். முப்பது தும்மல் தும்மினேன் என்றால் பத்து. கிடங்கில் மூன்று எலி பார்த்தேன் என்றால் ஓர் எலி. ஓர் எலி பார்த்தேன் என்றால் எலியின் வால். இதனால் அவருக்கு ‘மும்மடங்கு’ என்ற பட்டமே நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒன்றை ஒன்று என்றே சொல்லிவிட்டால் அப்புறம் வாய் எதற்கு என்பது அவர் கட்சி.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தராசின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். கலவை அறையில் அவர் செய்த வேலை இதுதான்: எல்.இ.டி. சிப் என்பது பிறவியிலேயே நீலமாகத்தான் எரியும். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பொடி கலந்த சிலிக்கோன் கூழை ஒரு சொட்டு வைத்தால், நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை வெளிச்சமாகத் தெரியும். பொடி ஒரு சிட்டிகை கூடினால் விளக்கு காமாலை பிடித்ததுபோல் இருக்கும். குறைந்தால் பேய்ப்படம் பார்ப்பதுபோல் இருக்கும். பத்தொன்பது வருடமாக அவர் நிறுத்துக் கலக்கிய கூழில் ஒருமுறைகூட நிறம் தப்பியதில்லை. நாக்கு மூன்று மடங்கு. கை சரியாக ஒரு மடங்கு.

கேண்டீனில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காதவர் ஒருவர்தான். அளவை அறைக்காரர். கலவைக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அவருக்கும் ஒரு பட்டம் உண்டு: ‘அரைமணி’. எந்த விளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எரியவிட்டு அரைமணி நேரம் காத்திருந்துதான் அளவு எடுப்பார். நெருப்புப் பிடித்தால்கூட அரைமணி கழித்துத்தான் தண்ணீர் ஊற்றுவார் என்று பேசிக்கொள்வார்கள்.

“அத்தான்,” என்றார் அரைமணி, தேநீரை ஆற்றிக்கொண்டே. “போன மாசம் நீங்க குடுத்த விளக்குல கை வெச்சுப் பாத்தேன். அதுல வெண்ணெய் வெச்சா உருகாது. பொரியும்.”

“மச்சான், அது போன மாச விளக்கு.”

“வியாழக்கிழமை விளக்கு மட்டும் என்ன, ஐஸ் பெட்டியா?”

“பந்தயமா?”

“பந்தயம் எல்லாம் வேண்டாம். உருகலைன்னா இதே கேண்டீன்ல எந்திரிச்சு நின்னு நானே சொல்றேன். போதுமா?”

அரைமணியின் வாயிலிருந்து ‘ஆமாம், நடந்தது’ என்ற சொல்லை வாங்குவதைவிடக் கல்லிலிருந்து ஜூஸ் பிழிவது சுலபம். கலவைக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.  ஆனால் வியாழக்கிழமை என்பது அவர் வைத்த நாள் இல்லை. மேலாளர் அம்மா வைத்த நாள்.

மேலாளர் அம்மா ஒரு வாக்கியத்தில் நான்கு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர். அன்று காலை கலவைக்காரரைக் கூப்பிட்டு வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். இப்போது செய்கிற விளக்கு ஒரு வாட்டு மின்சாரத்துக்கு நூற்றெழுபத்திரண்டு லூமன் வெளிச்சம் கொடுக்கிறது. இனி இருநூறு வேண்டும். வியாழக்கிழமைக்குள் ஒரு விளக்காவது இருநூறைத் தொடவேண்டும். தொடாவிட்டால், ஏற்கெனவே கூழ் பூசிய வெள்ளைச் சிப்புகளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வோம். கலவை அறையை மூடிவிடலாம்.

“அப்ப நான் எங்கம்மா போறது?”

“பேக்கிங்கில் ஆள் தேவை.”

பேக்கிங் பிரிவின் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? அவர் மனைவியேதான்.

விஷயம் அந்த அம்மாளின் காதுக்குப் போனபோது அவர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“இருபத்தெட்டு வருஷமா வீட்ல வகுத்துக்கிட்டு இருக்கேன். இங்கயும் வகுக்கணுமா? என்னால ஆகாது. எப்படியாவது அந்த இருநூறைக் கொண்டு வாங்க.”

“அறுநூறே கொண்டு வரேன் பாரு.”

“அதைத்தான் சொல்றேன்!” என்று அவர் டேப்பை மறுபடி கடித்தார்.

கலவைக்காரருக்கு அந்த அறையை விட்டுவிட மனமில்லை. ஜன்னல் இல்லாத, எட்டடிக்குப் பத்தடி அறைதான். ஒரு தராசு, ஒரு கலக்கும் இயந்திரம், கூழிலிருந்து காற்றுக் குமிழ்களை உறிஞ்சி எடுக்கும் ஒரு கண்ணாடி ஜாடி, பொடி டப்பாக்கள் நிற்கும் ஓர் அலமாரி. ஆனால் உலகத்தில் அவர் சொல்லை யாரும் வகுக்காத ஒரே இடம் அதுதான். அங்கே அவர் டப்பாவில் ஒட்டும் சீட்டில் ‘நான்கு கிராம்’ என்று எழுதினால் நான்கு கிராம்தான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பொடியோடு மல்லுக்கட்டினார். பருமனான பொடி, நைசான பொடி, இரண்டும் கலந்த பொடி. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு செய்து தூக்கிக்கொண்டு அளவை அறைக்கு ஓடினார். அங்கே ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற அளவுக்குப் பெரிய உருண்டை ஒன்று இருந்தது. உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு. விளக்கை அதற்குள் வைத்து மூடினால், எந்தப் பக்கம் போன வெளிச்சமும் தப்பாமல் கணக்கில் வந்துவிடும். மூடி விளக்கைப் போட்டதும் திரையில் ஓர் எண் தோன்றும்.

“நூத்தித் தொண்ணூத்தி நாலு!” என்று குதித்தார் கலவைக்காரர்.

“அரைமணி கழிச்சுச் சொல்லுங்க அத்தான்.”

“பிறந்த குழந்தைக்குப் பிறந்த உடனே எடை போடறதில்லையா? முதல் எண்தான்யா உண்மை.”

“பிறந்த உடனே அது வேலைக்குப் போறதில்ல. விளக்கு போகுது. சூடானதுக்கு அப்புறம் என்ன குடுக்குதோ அதுதான் வாங்குறவன் வீட்ல எரியும்.”

கலவைக்காரர் எப்போதும் முதல் எண்ணை வாங்கிக்கொண்டு கேண்டீனுக்கு ஓடிவிடுவார். எண் விழுவதைப் பார்க்க நிற்கமாட்டார். அது அவர் வழக்கம். அவர் பின்னாலேயே அரைமணி கழித்து மச்சானின் எண் வரும்: சூடு ஏறி ஏறி நூற்றெழுபத்தொன்பதில் வந்து நின்றிருக்கும். நைசான பொடிக்கு நூற்றெழுபத்தாறு. கலந்த பொடிக்கு நூற்றெண்பத்தொன்று. அதற்கு மேல் பொடியால் ஒன்றும் ஆகவில்லை. இருநூறுக்கு இன்னும் பத்தொன்பது படி இருந்தது. ஒவ்வொரு படியும் மூன்று ஆள் உயரம்.

சாயங்காலம் மணி அடிக்கும்போது கடைசி முயற்சியாக ஒரு பலகைக்குச் சீட்டு எழுதினார். சிப்புகளை அலுமினியப் பலகையில் பதித்துக் கொடுப்பது பலகைக்கார அக்காவின் வேலை. வட்டப் பலகையில் சிப் உட்கார மூன்று வரிசை இடம் உண்டு. வழக்கமாக ஒரு வரிசையில் மட்டும் நாற்பது சிப் வைப்பார்கள். கலவைக்காரருக்கு வேண்டியதும் நாற்பதுதான். ஆகவே ‘நூற்றிருபது’ என்று எழுதினார்.

இதில் விசித்திரம் எதுவும் இல்லை. அக்கா எப்படியும் மூன்றால் வகுப்பார் என்று தெரிந்ததால் இவர் மூன்றால் பெருக்கி எழுதுவார். இவர் பெருக்குவார் என்று தெரிந்ததால் அக்கா வகுப்பார். இதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. பதினாலு வருடமாகச் சரியாக நாற்பது வந்துகொண்டிருந்தது. உலகத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்த பொய் வேறு கிடையாது.

சீட்டைப் பலகைப் பிரிவின் சன்னலிடுக்கில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை காலை தட்டு வந்தது. மேலே மூடியிருந்த துணியை நீக்கிப் பார்த்தவருக்கு மூச்சு நின்று, நெடுநேரம் கழித்து, வேறு யாருடையதோ மூச்சுபோலத் திரும்பி வந்தது. பலகையில் மூன்று வரிசையும் நிரம்பியிருந்தன. எண்ணினார். நூற்றிருபது.

ஓடினார். சன்னலுக்குப் பின்னால் அக்கா இல்லை. வேறொரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, சிப் டப்பாக்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா எங்கம்மா?”

“அவங்க மகளுக்குப் பிரசவம். நேத்து மதியமே லீவுல போயிட்டாங்க. இனிமே ஒரு மாசம் நான்தான்.”

“என் சீட்டுக்கு நூத்தியிருபது வெச்சிருக்கீங்களே!”

“ஆமா. நூத்தியிருபதுன்னு எழுதியிருந்தீங்க.”

“எழுதியிருந்தா வெச்சிருவீங்களா?”

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நான் இருபது வருஷம் மருந்துக்கடையில இருந்தவ. சீட்டுல மூணு மாத்திரைன்னு எழுதியிருந்தா ஒரு மாத்திரையா குடுப்பேன்? எழுதினதைக் குடுக்குறதுதான் என் வேலை.”

கலவைக்காரர் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அதுவும் இந்த வாரத்தில்!

“மாத்திக் குடுக்க முடியுமாம்மா? நாப்பதா?”

“மிஷின்ல இப்ப தெருவிளக்குப் பலகை ஓடுது. வெள்ளிக்கிழமைதான் காலி.”

வெள்ளிக்கிழமை அவர் பேக்கிங்கில் டேப் கடித்துக்கொண்டிருப்பார். கையில் இருப்பது இந்தப் பலகை ஒன்றுதான். திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தராசின் முன் உட்கார்ந்தார். நேற்றைய நல்ல கலவையையே மூன்று பங்கு நிறுத்தார். இப்போது நாக்கு மூன்று என்று சொல்லவில்லை, தராசே சொன்னது. கலக்கினார், குமிழி நீக்கினார், சிரிஞ்சில் ஏற்றினார். கடுகளவு சிப் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு. நூற்றிருபது சொட்டு. பாதியில் கழுத்து பிடித்துக்கொண்டது. பேசாமல் வேலை செய்ததில் தாடையும் பிடித்துக்கொண்டது. மதியம் தட்டைச் சூட்டுப்பெட்டியில் வைத்துக் கூழை இறுக வைத்தபோது, ஒரு சொட்டுகூட வழியவில்லை. பழைய விளக்குக்கு வைக்கும் அதே மின் பெட்டியை, அதே ஒன்பது வாட்டை, அப்படியே பொருத்தினார். வேறு பெட்டி தேட நேரமில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அளவை அறையில் மேலாளர் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கலவைக்காரர் விளக்கை மேல்மூடி போட்டே கொண்டுவந்தார். உள்ளே எத்தனை சிப் என்று யாருக்கும் தெரியாது. அரைமணி அதை வாங்கி உருண்டைக்குள் வைத்து மூடினார். சுவிட்சைப் போட்டார்.

இருநூற்றாறு.

இந்த இடத்தில் கலவைக்காரர் கேண்டீனுக்கு ஓடியிருக்கவேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கால் இரண்டும் வாசல்பக்கம் திரும்பியும்விட்டன. ஆனால் மேலாளர் அம்மா அசையவில்லை. அரைமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கலவைக்காரர் கால்களைத் திருப்பிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண் விழுவதை அவர் பார்க்கப்போவது அன்றுதான் முதல்முறை.

அந்த அரைமணி நேரத்தில் கடல்கள் வற்றின, புதிய மலைகள் முளைத்தன, கலவைக்காரருக்கு மிச்சமிருந்த நான்கு கறுப்பு முடிகளில் மூன்று வெளுத்தன. ஐந்தாம் நிமிடம்: இருநூற்றைந்து. பத்தாம் நிமிடம்: இருநூற்று நான்கு. “விழுது,” என்றார் அவர் ஈனக் குரலில். பதினைந்து: இருநூற்று மூன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது நிமிடம் கழித்துத் திறந்தார், அதாவது ஏழு நிமிடம். அப்போதும் இருநூற்று மூன்று. கடிகாரம் அரைமணியைத் தொட்டபோதும் இருநூற்று மூன்று. ஒட்டிவைத்ததுபோல அங்கேயே நின்றது.

“இருநூற்று மூன்று,” என்றார் மேலாளர் அம்மா.

“இருங்கம்மா, தப்பு இருக்கு,” என்றார் அரைமணி.  உருண்டையைத் திறந்து, உள்சுவரை டார்ச் அடித்துப் பார்த்து, பூட்டி வைத்திருந்த அளவுகோல் விளக்கை எடுத்து வைத்து இயந்திரத்தைச் சரிபார்த்தார். இயந்திரத்தில் பழுதில்லை. மின்சார மீட்டரை மாற்றினார். விளக்கை ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்து அரைமணி. மறுபடி இருநூற்று மூன்று.

பிறகு அவர் செய்தது அந்த அறையில் அதுவரை யாராலும் முடியாத காரியம். எரிந்துகொண்டிருந்த விளக்கின் அலுமினிய உடம்பில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே நின்றார்.

“அத்தான்... இது எரியுதா, நடிக்குதா?”

சுவிட்சை அணைத்து, மேல்மூடியைக் கழற்றினார். மூன்று வரிசை மஞ்சள் சொட்டுகள்.

“நாப்பதுதானே இருக்கணும்?”

கலவைக்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். “சீட்டு எழுதினேன். பலகைப் பிரிவுக்குப் புதுசா வந்த அம்மா நம்பிட்டாங்க.”

நடந்ததை அவர் சொல்லிமுடித்தபோது மேலாளர் அம்மா எழுந்து பலகையைக் குனிந்து பார்த்தார். அரைமணி மெதுவாகத் தலையாட்டத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை.

“அம்மா, பெட்டி அதே பெட்டி. வர்ற மின்சாரம் அதேதான். முன்னாடி நாப்பது பேர் சுமந்ததை இப்ப நூத்தியிருபது பேர் பங்கு போட்டுச் சுமக்குறாங்க. ஒரு சிப்பை அடிச்சு வேலை வாங்கினா பாதியை வெளிச்சமா குடுக்காம சூடா குடுத்துரும். மூணுல ஒரு பங்கு சுமைன்னா சிரிச்சுக்கிட்டே செய்யும். சூடு இல்லாததால எண்ணும் விழல.”

“சிப் மூன்று மடங்காகிறதே?”

“சூடு குறைஞ்சதால இவ்வளவு பெரிய அலுமினிய உடம்பு தேவையில்லைம்மா. பாதி போதும். விளக்கும் ரொம்ப நாள் உழைக்கும்.”

மேலாளர் அம்மா நிமிர்ந்தார். “கூழ் யார் வைத்தது?”

“நான்தாம்மா,” என்றார் கலவைக்காரர்.

“நூற்றிருபதும் ஒரே நிறம்,” என்றார் அவர். “வெளியில் வாங்கினால் இப்படி வராது. கலவை அறை இருக்கட்டும்.” வாசலில் நின்று திரும்பினார். “இனி உங்கள் சீட்டை வகுக்கக்கூடாது.”

“ஐயோ அம்மா! அப்புறம் நான் உண்மையை இல்ல எழுதணும்?”

மேலாளர் அம்மா சிரித்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அன்று அந்த அறையில் இருந்த இரண்டு பேர்.

கலவைக்காரர் நழுவப் பார்த்தார். வேண்டியது கிடைத்துவிட்டது, பசிவேறு. ஆனால் அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது.

“வெண்ணெய் எங்க அத்தான்?”

“விடு மச்சான், அது சும்மா ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுக்கா? மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. வாங்க.”

பேக்கிங்கிலிருந்து கலவைக்காரரின் மனைவியுடைய சாப்பாட்டு டப்பா வரவழைக்கப்பட்டது. அதில் ரொட்டியும், காகிதத்தில் சுற்றிய வெண்ணெயும் இருந்தன. டப்பாவோடு மனைவியும் வந்தார். விளக்கைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கண்ணில் தெரிந்த நிம்மதியைப் பெட்டியில் அடைத்திருந்தால் நான்கு லாரி நிறைந்திருக்கும். அரைமணி மேல்மூடியைத் திரும்ப மாட்டி, விளக்கை மேசைமேல் நிறுத்தி எரியவிட்டார். அரைமணி நேரம் எரிந்து நிதானத்துக்கு வந்தபிறகுதான் வெண்ணெயைச் சதுரமாக நறுக்கி அதன் தலையில் வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, பூனை எலிவளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கலவைக்காரர் பக்கத்திலேயே ரொட்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

நான்கு மணித் தேநீருக்குக் கேண்டீன் நிரம்பியிருந்தது. கலவைக்காரர் கடைவாயில் வெண்ணெய் மினுமினுக்க உள்ளே நுழைந்தார்.

“என்ன மும்மடங்கு, வெண்ணெய் என்னாச்சு?” என்றார் லாரி ஓட்டுநர்.

“எரியிற விளக்கு மேல இருந்துச்சு. மூணு மணி நேரம்!”

“வகு! வகு!” கேண்டீன் ஆர்ப்பரித்தது. “ஒரு மணி நேரம்!”

“அதுவே பொய்தான்யா,” என்றார் ஓட்டுநர். “இன்னொரு தடவை வகுங்க.”

மூலையில் ஒரு நாற்காலி தரையில் உரசிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அரைமணி எழுந்து நின்றார். கேண்டீன் அடங்கும்வரை காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யாரும் மிஞ்சமுடியாது.

“இதுக்கு மேல வகுக்காதீங்க,” என்றார். “ஒரு மணி நேரம் நாலு நிமிஷம். இடது ஓரத்துல மட்டும் நகக்கண் அளவு இளகுச்சு. மத்தபடி உருகல. நான் எதிர்லயே உக்காந்திருந்தேன்.”